எழுபது விழுக்காடு

எட்டாயிரத்து நானூறு வெள்ளி.
சர்வினின் மோட்டார் சைக்கிளை விற்றாலும்
இதன் மூன்று விசிறிகளில் இரண்டுதான் வரும்.
செங்கல் கனம். பெட்டிக்குள் படுத்தபடி
மூக்கு தொங்கிப்போகிறது.
முட்டுக்கொடுக்க
மகளின் பழைய பால்புட்டி ஒன்றை
அடியில் நிறுத்தியிருக்கிறேன்.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பதினோராம் மாடி எங்களுக்கு.
கடலைத் தூர்த்த இடத்தில் எழப்போகிற
நாற்பத்திரண்டு மாடிக்கு,
இன்னும் வெட்டாத நீச்சல் குளத்தில்
வெயிலை இறக்குகிறவள் நான்.
ஒரு படத்துக்கு ஆறு மணி நேரம்.
தண்ணீர்தான் மோசம்.
சுவர் சொன்ன பேச்சைக் கேட்கும்,
கண்ணாடிகூடக் கேட்கும்.
தண்ணீரில் விழுந்த கதிர் ஒவ்வொன்றும்
எங்கே முறிந்தது, எதில் பட்டுத் திரும்பியது என்று
கார்டு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்,
நானூற்றைம்பது வாட்டைக் குடித்துக்கொண்டு.

குடித்ததெல்லாம் எங்கே போகிறது?
படத்துக்கு எடையே கிடையாது.
அத்தனையும் வருவது என் முழங்காலுக்குத்தான்,
பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைகள் வழியாக,
ரொட்டி சானாய்க் கல்லை
மேசைக்குக் கீழே மூட்டி வைத்த மாதிரி.

ஏர்கோனும் இதுவும் ஒன்றாக ஓடினால்
வாசல் பக்கத்து சுவிட்சுப் பெட்டியில் டப்.
வீடு இருட்டு.
நாலு மணி நேரத்து வேலையும் இருட்டு.
ஆக, ஒன்று அது குளிரவேண்டும்,
இல்லை நாங்கள்.
மின்சார பில் வந்ததும்
சர்வின் அதை நாலாக மடித்து
என் விசைப்பலகைக்கு அடியில் வைத்துவிட்டு
இரவு வேலைக்குப் போவான்.
ஏதாவது சொல்லியிருந்தால்
சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன செவ்வாய்.
மகளின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.
அழுது ஓய்ந்து தரையில் தூங்கிவிட்டாள்.
திரையில் என் குளம்,
ஒரு சுருக்கமில்லாத நீலம்.
விளிம்பில் நான் உட்கார வைத்த சிறுமி
கால் நனைத்துக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு வேர்க்காது.
வேர்வை வேண்டுமென்றால்
தனியாகக் காசு கேட்பேன்.

அப்போதுதான் அந்தக் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.
மின்வரம்பு நூறு.
தொண்ணூறு.
எண்பது.
எழுபதில் விசிறிகள் திடீரென்று
ரகசியம் பேசுகிற குரலுக்கு இறங்கின.
எண்பத்து மூன்றில் நின்ற சூடு
அறுபத்தைந்துக்கு வந்தது.
படம் கெட்டுப்போகும் என்று விடியும்வரை காத்திருந்தேன்.
ஆறு மணி இருபது நிமிடம்.
அவ்வளவுதான்.

இந்த இருபது நிமிடத்துக்கா
ஒன்றரை வருஷமாக
கடைசி முப்பதையும் எரித்தேன்?
சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹொக் செங் வந்தான்.
விற்கலாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.
கைப்பேசி விளக்கைப் பிடித்து
மின்கம்பி செருகும் வாயை
பல் வைத்தியர் மாதிரி பார்த்தான்.
முகர்ந்தான். உருகல் வாடை இல்லை.
"மைனிங் ஓடினதா?"
"இல்லை. தண்ணீர்."
புரியவில்லை அவனுக்கு.
நாலாயிரத்து அறுநூறு என்றான்,
புது மாடல் வந்துவிட்டால்
அதுவும் கிடைக்காதாம்.
பால்புட்டியைக் காட்டி
அதுவும் சேர்த்தா என்று கேட்டான்.
இரண்டையும் தரவில்லை.

இன்று இரவு
கார்டு ஓடும்போதே ஏர்கோனைத் தட்டினேன்.
டப் வரும் என்று
காது வாசல் பக்கமே இருந்தது.
வரவில்லை.
பாயான் லெப்பாசிலிருந்து வேலை முடிந்து
காலையில் கதவைத் திறந்த சர்வின்
சப்பாத்தோடு அப்படியே நின்றான்.
"என்ன, குளிருது?"

மடியில் மகள்.
திரையில் வாடிக்கையாளரின் பதில்:
எல்லாம் அழகு, நன்றி,
தண்ணீர் மட்டும்
இன்னும் கொஞ்சம் நீலமாக வேண்டுமாம்.